கவரிங், கோயில் நகை, பட்டுநூல் வளையல்: சிறு கைவினைஞர்களின் அணிகலன்களை இலங்கைக்கு ஏற்றுமதி செய்ய முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடியில் ஏற்றிய சரக்கைக் கப்பல் ஒரு நாளுக்குள் கொழும்பில் சேர்த்துவிடும். சிதம்பரம் கவரிங், நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகை, டெரகோட்டா தோடு, பட்டுநூல் வளையல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. ஆனாலும் இந்தப் பொருட்களைச் செய்பவர்களில் பலர் இன்றும் நாடுவது விமானத்திலும் படகிலும் பெட்டி தூக்கிப் போகும் 'குருவி'களைத்தான். அப்படிப் போகும் சரக்குக்கு ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்தில் பதியும் ஏற்றுமதி ஆவணம், கிடையாது. பணம் வந்ததற்கு வங்கிச் சான்று கிடையாது. சுங்கத்தில் பிடிபட்டால் கேட்க நாதியும் கிடையாது. மூன்று வருடம் அனுப்பிய பிறகும் வங்கியின் கண்ணில் அந்தக் கைவினைஞர் ஏற்றுமதியாளர் ஆகமாட்டார்.

இந்த வழிகாட்டி, பத்து இருபது கைவினைஞர்களைச் சேர்த்து முறையாக அனுப்ப நினைக்கும் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு, உற்பத்தியாளர் நிறுவனம், அல்லது ஊரில் காகித வேலை தெரிந்த ஒருவருக்கானது.

முதல் முடிவு: யார் பெயரில் போகிறது?

ஒவ்வொரு கைவினைஞரையும் ஏற்றுமதியாளர் ஆக்குவதுதான் உதவி என்று நினைத்துப் பல பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. முகாம் முடிந்ததும் இருபது பேர் கையில் இருபது ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதிக்கான அரசுப் பதிவு எண், இருக்கும், ஒரு பெட்டிகூடக் கப்பல் ஏறியிருக்காது. காரணம் செலவின் அமைப்பு. சுங்க முகவர் கூலி, சான்றிதழ், வங்கிக் கட்டணம், கொழும்பில் சரக்கை விடுவிக்கும் செலவு எல்லாம் பெட்டிக்கு அல்ல, ஒரு சரக்குக்கு இவ்வளவு என்று விழுபவை. எடுத்துக்காட்டாக இவை சேர்ந்து 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 செட் அனுப்பினால் செட்டுக்கு 80 ரூபாய். 50 செட் அனுப்பினால் செட்டுக்கு 480 ரூபாய், அதாவது பல கவரிங் செட்டுகளின் விலையைவிட அதிகம்.

ஆகவே ஒரு பெயர் ஏற்றுமதி செய்யட்டும், பலர் செய்து கொடுக்கட்டும். இதை நடத்த இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, கூலி முறை. குழுவே கல், கம்பி, பித்தளைத் தகடு வாங்கிக் கொடுத்து, செய்பவருக்குக் கூலி தருகிறது. மூலப்பொருள் பில் எல்லாம் ஓரிடத்தில் இருப்பதால் பின்னால் வரும் பூர்வீகச் சான்று (பொருள் இந்தியாவில் செய்தது என்ற சான்று) வேலை பாதியாகக் குறையும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே நல்லது.

இரண்டாவது, கொள்முதல் முறை. கைவினைஞர் தன் பொருளைக் குழுவுக்கு விற்கிறார். அவருக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால், ஏற்றுமதிக்கென்று விற்கும் சரக்குக்கு 0.1 சதவீத வரியில் பில் போடலாம். இதற்கு நிபந்தனைகள் உண்டு. ஏற்றுமதி செய்பவர் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். பில் தேதியிலிருந்து 90 நாளுக்குள் சரக்கு நாட்டைவிட்டுப் போக வேண்டும். ஷிப்பிங் பில்லில் கைவினைஞரின் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் ஏற வேண்டும். 90 நாள் தவறினால் முழு வரியும் திரும்பி வரும், அதுவும் விற்றவர் தலையில். மாதிரி ஒப்புதல் வரும் முன்பே பில் போட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. சரக்கு பொதி கட்டும் வாரத்தில் பில் போட்டால் போதும்.

கூட்டுத்தீர்வைத் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில் இருப்பவர் தன் பெயரில் ஏற்றுமதி செய்ய முடியாது. குழுவின் பெயரில் அனுப்பத் திட்டமிட்டால், அந்தக் குழு காம்போசிஷனில் இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

எந்தப் பொருள் ஓடும்

இலங்கைச் சந்தையை ஒரே சந்தையாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. கொழும்பு புறக்கோட்டை மொத்தச் சந்தை. அங்கே விலைதான் பேசும், சீனச் சரக்கோடு நேருக்கு நேர் மோத வேண்டும். கையால் செய்யும் சிறு குழு அங்கே போய் ஜெயிப்பது கடினம். கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் நிலைமை வேறு. அங்கே கல்யாணத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் வாங்குபவர்கள் வேலைப்பாட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குவார்கள்.

பரதநாட்டியம் இலங்கைப் பள்ளிகளில் பாடமாகவே இருக்கிறது. நெற்றிச்சுட்டி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ராக்கொடி, மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, வங்கி, ஒட்டியாணம் என்று முழு செட்டாக விற்கும் பொருள் இது. இதில் சிறு குழுவுக்கு ஒரு வசதி: சிவப்பு, பச்சைக் கெம்புக் கல்லை வரிசை பிசகாமல் பதிப்பது கைவேலை, அவசரத்துக்கு இயந்திரத்தில் அடித்த செட் அதன் பக்கத்தில் நிற்காது. சிங்களக் கல்யாணத்தில் கண்டி மணப்பெண் நெற்றியில் அணியும் நலல்பட்டயும், அடுக்கடுக்காகத் தொங்கும் பதக்க மாலைகளும் இன்னொரு தேவை. அதை வாங்குபவர் தரும் அச்சுக்கும் அளவுக்கும் செய்து கொடுக்க வேண்டும். நம் ஊர் மாங்காய் மாலையைக் கொஞ்சம் மாற்றி அனுப்பினால் திரும்பி வரும்.

அனுப்பக் கூடாதவையும் உண்டு. மயில் இறகு வைத்த தோடு, கிளிப் எதுவும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை. பவளம், சங்கு, சிப்பி வகைகளில் பல வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருபவை. ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் கடைத்தெருவில் தாராளமாகக் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. புத்தர் உருவத்தைக் கொலுசிலோ பையிலோ தலைக் கிளிப்பிலோ போடவே போடாதீர்கள். இலங்கையில் அது மதத்தை அவமதிக்கும் குற்றமாகவே பார்க்கப்படும், கடைக்காரர் போலீஸ் நிலையம் ஏற நேரும்.

எச்எஸ் கோடு: பாதிச் சிக்கல் இங்கேதான்

எச்எஸ் கோடு என்பது சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் எண். பொருளை எந்த எண்ணில் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இங்கே சலுகை, அங்கே தீர்வை எல்லாம் அமையும். கொழும்புச் சுங்கம் வேறு எண் சொன்னால் வித்தியாசத்தை வாங்குபவர் கட்டுவார், அடுத்த ஆர்டர் வராது.

தங்க முலாம் பூசிய பித்தளை, செம்பு நகைகள் 7117. முலாம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அது போலி நகைதான். இன்வாய்ஸில் 'தங்க நகை' என்றோ வெறுமனே 'கோல்ட் செட்' என்றோ எழுதினால் விபரீதம். 'தங்க முலாம் பூசிய பித்தளைப் போலி நகை' என்று உலோகத்தோடு முழுதாக எழுதுங்கள்.

வடசேரிக் கோயில் நகையில் ஒரு பொறி இருக்கிறது. மரபான முறையில் அது வெள்ளியில் செய்து, மேலே தங்கத் தகடு பொதித்துக் கல் பதிப்பது. உடல் வெள்ளி என்றால் அது 7117 அல்ல, 7113, விலைமதிப்புள்ள உலோக நகை. செம்பில் செய்து முலாம் பூசிய அதே வடிவம் 7117. இரண்டையும் ஒரே பெட்டியில் ஒரே வரியில் காட்டிவிட்டால், சுங்க அதிகாரி ஒரு துண்டைச் சுரண்டிப் பார்த்ததும் மொத்தச் சரக்கும் நின்றுவிடும். தனிப் பெட்டி, தனி வரி, தனி எடை. மேலும் நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருப்பதால், அதற்குப் பதிவு பெற்ற பயனாளர் செய்யாத பொருளுக்கு அந்தப் பெயரை அட்டையில் அச்சடிக்காதீர்கள்.

மற்றவை: முழுக் கண்ணாடி வளையல் 7018. பிளாஸ்டிக், உலோகத் தலைக் கிளிப்பும் ஹேர்பின்னும் சீப்பும் 9615. துணித் தலைப்பட்டை பின்னலாடைத் துணியென்றால் 6117, நெய்த துணியென்றால் 6217. கைப்பை, பர்ஸ் 4202. பட்டுநூல் சுற்றிய வளையலும் மணி கோத்த மாலையும் அணிகலன்தான், 7117-க்குள் வரும், ஆனால் உள் எண் உலோகத்தைப் பொறுத்து மாறும். முதல் சரக்குக்கு முன் இங்குள்ள சுங்க முகவரும் கொழும்பில் வாங்குபவரின் முகவரும் புகைப்படத்தோடு ஒரே எண்ணுக்கு ஒப்புக்கொண்டு எழுத்தில் தரட்டும். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், ஆனால் அது சரக்கு கிளம்பும் முன் வந்திருக்க வேண்டும்.

பூர்வீகச் சான்று: சலுகை எங்கே, எங்கே இல்லை

இந்தியா–இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதன்படி இந்தியப் பொருள் என்ற சான்றோடு போகும் சரக்குக்கு இலங்கையில் இறக்குமதித் தீர்வைச் சலுகை கிடைக்கும். ஆனால் இலங்கை ஒரு எதிர்மறைப் பட்டியல் வைத்திருக்கிறது. அதிலுள்ள பொருளுக்குச் சலுகை இல்லை. இலங்கைச் சுங்கத்தின் தீர்வைப் புத்தகம் அவர்களின் இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் எட்டு இலக்க எண்ணுக்கு நேரே இந்தியாவுக்கான சலுகைப் பத்தியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய பட்டியலை நம்பாதீர்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது மாறும்.

வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது: சலுகை சுங்கத் தீர்வைக்கு மட்டும்தான். செஸ், துறைமுக விமான நிலைய வரி, 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 18 சதவீத வாட் ஆகியவை அதில் குறையாது. இவை ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும், அதுவும் கப்பல் கூலி, காப்பீடு சேர்ந்த விலையின் மேல். 'வரியே இல்லை' என்று ஆசை காட்டி ஆர்டர் வாங்கிவிட்டு, துறைமுகத்தில் பில்லைப் பார்த்ததும் சரக்கை எடுக்காமல் விட்ட கடைக்காரர்கள் கதை இந்தத் தொழிலில் பழையது.

சான்று பெற இரண்டு தேர்வில் தேற வேண்டும். ஒன்று, வெளிநாட்டு மூலப்பொருளின் மதிப்பு எஃப்ஓபி விலையில், அதாவது இங்கே கப்பலில் ஏற்றும் வரையான விலையில், 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு, அந்த மூலப்பொருளின் நான்கு இலக்கத் தலைப்பு எண்ணும் செய்து முடித்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும்.

ஒரு செட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஃப்ஓபி விலை 500 ரூபாய். உள்ளே சீனக் கல் 90, இறக்குமதி மணி 35, கொக்கி 10. மொத்தம் 135, அதாவது 27 சதவீதம். கல்லும் மணியும் 7018 போன்ற வேறு தலைப்பில் வருபவை, நகை 7117. தேறிவிடும்.

இன்னொன்று, 180 ரூபாய்த் தோடு. சீனாவிலிருந்து வந்த தயார் பதக்கம் 95, சங்கிலி 25, கொக்கி 10, மொத்தம் 130. இது 72 சதவீதம், தேறாது. பதக்கத்தை மலிவாக வாங்கிச் சதவீதத்தை இறக்கினாலும் பயனில்லை. அந்தப் பதக்கமே 7117-இல் வந்த பொருள், கொக்கி மாட்டியதால் தலைப்பு மாறவில்லை. வெறுமனே கோத்துச் சேர்ப்பதை உற்பத்தி என்று ஒப்பந்தம் ஏற்காது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம், சென்னை சௌகார்பேட்டையில் வாங்கினோமே, அது இந்தியப் பொருள்தானே என்ற நினைப்பு. கடை எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதுதான் கணக்கு. எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாத மணியை வெளிநாட்டுப் பொருளாகவே போட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் போட்டும் 65-க்குள் வந்தால் நிம்மதி.

இந்த ஒப்பந்தச் சான்றை ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலின் முகமை தருகிறது. விண்ணப்பம் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் மின்னணுத் தளத்தில். ஒவ்வொரு வகை நகைக்கும் ஒரு விலைத்தாள், அதாவது மூலப்பொருள், அளவு, பில் எண், நாடு, கூலி எல்லாம் சேர்ந்த ஒரு பக்கம் இருந்தால் வேலை சுலபம். சரக்கு வேறு நாட்டுக்குள் போய் வராமல் நேராகப் போக வேண்டும் என்பதும் நிபந்தனை. 7117-இல் உங்கள் எண்ணுக்குச் சலுகை பெரிதாக இல்லாவிட்டால் சான்றுக்கு அலையவே வேண்டாம், அந்த நேரத்தை முலாமில் செலவிடுங்கள்.

பதிவுகள்

ஐஇசி டிஜிஎஃப்டி தளத்தில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும், எண் பான் எண்ணேதான். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூன் வரை, எதுவும் மாறாவிட்டாலும், உள்ளே போய் உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் செயலிழக்கும், அது தெரிய வருவது பெரும்பாலும் ஷிப்பிங் பில் போடும் நாளில்தான்.

ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி எனும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் வரி கட்டாமல் அனுப்பலாம். நிதியாண்டுக்கு ஒன்று, கட்டணம் இல்லை. பில் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு போக வேண்டும். நடப்புக் கணக்கு உள்ள வங்கியிடம் ஏடி கோடு (ஏற்றுமதிப் பணம் வந்துசேரும் வங்கிக் கிளையின் எண்) கடிதம் வாங்கி, அனுப்பும் துறைமுகத்துக்கோ விமான நிலையத்துக்கோ சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவு செய்யுங்கள். கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலில் உறுப்பினராகி ஆர்சிஎம்சி எனும் உறுப்பினர் சான்று வாங்கிக்கொள்ளலாம், போலி நகையும் அணிகலனும் அதன் கீழ் வரும்.

மாதிரி, முலாம், தரம்

இருபது வீடுகளில் செய்த நகை ஒரே கடையின் கண்ணாடி அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கப் போகிறது. அங்கே முதலில் தெரிவது முலாமின் நிற வேறுபாடு. ஒரு செட் எலுமிச்சை மஞ்சள், பக்கத்து செட் செம்மஞ்சள். இதற்கு ஒரே தீர்வு, எல்லோருடைய வேலையையும் ஒரே முலாம் பட்டறைக்கு, முடிந்தால் ஒரே நாளில், அனுப்புவது. முலாமைக் கைவினைஞரிடம் விடாதீர்கள், குழுவே செய்யட்டும்.

பித்தளைமேல் நேராகத் தங்க முலாம் ஏற்றினால், செம்பும் துத்தநாகமும் மெல்ல மேலே ஊடுருவி நிறம் கறுக்கும். அதனால்தான் நடுவில் நிக்கல் அடுக்கு போடுவது வழக்கம். ஆனால் நிக்கல் சிலர் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும், குறிப்பாகக் காது குத்திய துளையில். காதுக்குள் போகும் தண்டை மட்டும் தோலுக்கு ஒத்துவரும் ஸ்டீலிலோ வெள்ளியிலோ வையுங்கள். 'நிக்கல் இல்லாதது' என்று அட்டையில் எழுதுவதென்றால் பட்டறைக்காரர் வாய்ச்சொல் போதாது, பரிசோதனைக் கூடச் சான்று வேண்டும். கொழும்பும் யாழ்ப்பாணமும் உப்புக்காற்று ஊர்கள் என்பதால் முலாமுக்கு மேல் லாக்கர் எனும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு அவசியம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்: பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்து நகையைச் சுற்றி, மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். பச்சையோ கறுப்போ படிந்தால் அந்தத் தொகுதியே போகக் கூடாது. கல் பதித்த பக்கத்தில் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கல்லோடு வந்தால் பசை காயவில்லை, அல்லது கல்லின் பின்பக்கத் தூசியைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். தோட்டுக் கம்பி 20 கேஜ், அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர் இருக்கட்டும். இதைவிட மெல்லியது கனமான ஜிமிக்கியில் வளைந்துவிடும், தடித்தது பலர் காதில் ஏறாது.

வளையல் அளவில் வருகிற குழப்பம் தனி. நம் ஊர் 2.4 என்பது இரண்டே கால் அங்குலம், அதாவது 2 அங்குலமும் 16-இல் 4 பங்கும். தசமமாகப் படித்தால் அளவு தவறும். உள் விட்டம் மில்லிமீட்டரில்: 2.2 என்றால் 54, 2.4 என்றால் 57.2, 2.6 என்றால் 60.3, 2.8 என்றால் 63.5, 2.10 என்றால் 66.7. ஆர்டர் தாளில் இரண்டையும் எழுதுங்கள். 2.10-ஐ 2.2-விடச் சிறியதென்று கணினி வரிசைப்படுத்திவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஒப்புதலான மாதிரி ஒவ்வொன்றிலும் மூன்று வேண்டும். வாங்குபவரிடம் ஒன்று, குழுவிடம் ஒன்று, செய்பவர் வீட்டில் ஒன்று. மூன்றிலும் ஒரே எண், தேதி, எடை எழுதிய சீட்டு. புகைப்படம் பார்த்து ஒப்புதல் தருவதை ஏற்காதீர்கள், கைபேசித் திரையில் எந்த முலாமும் அழகாகத்தான் இருக்கும்.

விலை சொல்வது

முதலில் எஃப்ஓபி விலையைக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டு: பொருள் 210, கூலி 60, முலாம் 55, அட்டை, பை 15, ஆக 340. குழுவை நடத்தும் செலவும் லாபமும் கால் பங்கு சேர்த்தால் 425. இதன்மேல் இங்கிருந்து துறைமுகம் வரையான செலவு, மேலே சொன்ன சரக்குச் செலவில் இங்கே விழும் பங்கு. கழிவு வீதத்தையும் போட வேண்டும். நூறு செய்தால் குறைந்தது ஐந்து கழியும், அந்தக் கூலியைக் கைவினைஞர் தலையில் கட்டினால் அடுத்த முறை நல்ல கைகள் வராது.

வாங்குபவர் 'வீட்டு வாசலில் தாருங்கள், எல்லாம் சேர்த்து ஒரு விலை' என்று கேட்பார். இலங்கை வரிகளைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் அந்த டிடிபி முறைக்குச் சிறு குழு சம்மதிக்கவே கூடாது. கொழும்பு வரை சிஐஎஃப், அதாவது கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை, அதற்கப்பால் அவர் பொறுப்பு. அவரிடம் வரி அடையாள எண்ணும் இறக்குமதிப் பதிவும் இருக்கிறதா, எந்த முகவர் விடுவிப்பார், அந்த முகவரிடம் அனுபவமான வார்ஃப் கிளார்க், அதாவது துறைமுகச் சுங்க வேலை பார்ப்பவர், உண்டா என்று முன்பே கேளுங்கள். யாழ்ப்பாணக் கடைக்காரர் பலருக்கும் சரக்கு கொழும்பில் இறங்கி லாரியில்தான் போகும், அந்தச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பணம்

2022-இல் இலங்கையில் டாலர் வறண்டபோது கடனுக்கு அனுப்பியவர்கள் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். லட்ச ரூபாய் அளவுச் சரக்குக்கு எல்சி எனும் வங்கிக் கடனுறுதிக் கடிதம் எடுப்பதும் வீண், வங்கிக் கட்டணமே லாபத்தைத் தின்னும். பாதிப் பணம் ஆர்டரோடு, மீதி பொதி கட்டிய புகைப்படமும் எடைச்சீட்டும் போன பிறகு, கப்பல் ஏறும் முன். அவ்வளவுதான். அறிமுகமான கடைக்காரர் என்றாலும் முதல் மூன்று சரக்குக்கு இதைத் தளர்த்தாதீர்கள்.

முன்பணம் வங்கிக்கு வரும்போது நோக்கக் குறியீடு கேட்பார்கள். ஏற்றுமதி முன்பணத்துக்கு பி0103, அனுப்பிய பின் வரும் தொகைக்கு பி0102. தவறாகப் போட்டால் ஷிப்பிங் பில்லோடு பணம் பொருந்தாது, பணம் வந்ததற்கான மின்னணுச் சான்றான இ-பிஆர்சி கிடைக்காது. அனுப்பும் படிவத்தில் வங்கிக் கட்டணம் முழுதும் அனுப்புபவருடையது என்று வாங்குபவர் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவங்கி பிடித்துக்கொண்டு குறைவாகத்தான் வந்து சேரும். சிறு சரக்கில் அந்த இருபது முப்பது டாலர் கூலியின் பெரும் பங்கு. நண்பர் கணக்கிலிருந்தோ ஹவாலாவிலோ வரும் பணம் ஏற்றுமதிப் பணம் ஆகாது.

பொதியும் வழியும்

ஒவ்வொரு நகையும் தனி ஜிப் பையில், கறுக்காத காகிதத்தில் சுற்றி, சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும், கொழும்பில் பிரித்துப் பார்க்கும்போது பேண்ட் இருந்த இடத்தில் வரி விழுந்திருக்கும். செய்தித்தாளும் வேண்டாம். வெளிப்பெட்டி ஐந்தடுக்கு அட்டை. மரப்பெட்டியோ மரப் பலகையோ வைத்தால் கிருமிநீக்க முத்திரை உள்ள மரம் வேண்டும்.

பெட்டியின் கொள்ளளவைத் திட்டமிடுங்கள். 60×40×40 செமீ பெட்டிக்குக் கூரியர்காரர் 19.2 கிலோ என்று கணக்கிடுவார், விமானச் சரக்கில் 16 கிலோ. உள்ளே 9 கிலோ நகை இருந்தாலும் கூலி அந்த எடைக்குத்தான். நகையை அலங்கார டப்பாவில் வைத்து அனுப்புவது காற்றுக்குக் காசு கொடுப்பது. டப்பாக்களை மடித்து அடுக்கித் தனியே அனுப்பி, அங்கே கடையில் வைக்கச் சொல்லுங்கள்.

மாதிரிக்கும் சிறு ஆர்டருக்கும் அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா எனும் ஏற்றுமதி மையம் வசதியானது. அஞ்சலகத்திலேயே மின்னணு ஏற்றுமதிப் பில் போட்டு அனுப்பலாம், சுங்க முகவர் தேவையில்லை. இலவச மாதிரி என்றாலும் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதக் கூடாது, சுங்கத்துக்காக உண்மையான மதிப்பைக் காட்டுங்கள். அடுத்த அளவுக்குக் கூரியரின் வணிக ஏற்றுமதி முறை, அதற்கு ஐஇசியும் ஏடி கோடும் வேண்டும். இருநூறு கிலோவைத் தொடும்போது தூத்துக்குடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ எல்சிஎல், அதாவது மற்றவர் சரக்கோடு பகிர்ந்த கண்டெய்னர். எல்சிஎல்லில் குறைந்தது ஒரு கன மீட்டருக்குக் கட்ட வேண்டியிருக்கும், கொழும்புப் பக்கக் கட்டணங்கள் மேற்கோளில் தெரியாமல் ஒளிந்திருக்கும். அந்தப் பட்டியலையும் கேட்டு வாங்கி வாங்குபவருக்கு முன்பே அனுப்புங்கள்.

காகிதங்கள்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பூர்வீகச் சான்று, கப்பல் அல்லது விமான ரசீது. ஐந்திலும் பெயர், எண்ணிக்கை, எடை எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'செட்', இன்னொன்றில் 'பீஸ்' என்றிருந்தால் போதும், கொழும்பில் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஒரு செட்டில் எத்தனை துண்டு என்பதை அடைப்புக்குள் எழுதுங்கள். பேக்கிங் லிஸ்டில் பெட்டி வாரியாக வகை எண், அளவு, எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை வேண்டும். ஏற்றுமதிப் பொருளில் கலந்துள்ள வரிகளைத் திருப்பித் தரும் ரோடெப் சலுகை வேண்டுமென்றால் ஷிப்பிங் பில்லிலேயே அதைக் கேட்பதாகக் குறிக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது என்று முகவர் கைவிரிப்பார். ஷிப்பிங் பில் எண்ணையும் துறைமுகக் குறியீட்டையும் ஜிஎஸ்டிஆர்-1 எனும் விற்பனை விவரப் படிவத்தில் பிழையின்றி ஏற்றாவிட்டால் வரி திரும்பக் கிடைப்பது நின்றுவிடும்.

பணம் நாட்டுக்குள் வர வேண்டிய கெடு நீண்ட காலம் 9 மாதமாக இருந்தது, 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதை 15 மாதமாக்கியது. முன்பணத்தில் தொழில் செய்பவர்களுக்கு இது பொருட்டே இல்லை.

காலக்கணக்கு

இலங்கையில் ஆண்டின் பெரிய விற்பனைக் காலங்களில் ஒன்று ஏப்ரல் நடுவில் வரும் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு. கடைக்காரர் பிப்ரவரி இறுதிக்குள் சரக்கு கேட்பார். பின்னோக்கி எண்ணினால், ஜனவரி இறுதியில் பொதி, நவம்பர் கடைசிக்குள் ஆர்டர், அக்டோபரில் மாதிரி. நடுவில் பொங்கலுக்கு முலாம் பட்டறை ஒரு வாரம் மூடும், இதைக் கணக்கில் வைக்காத குழுக்கள் ஜனவரியில் தவிக்கும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அன்று வங்கியும் அலுவலகமும் திறக்காது. பௌர்ணமிக்கு முந்தின நாள் சரக்கு இறங்கும்படி அனுப்பினால் கிடங்கு வாடகை கூடும்.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் புகார் வரும், வராமல் இருக்காது. கல் விழுந்தது, கொக்கி கழன்றது, இரண்டு வளையல் குறைகிறது. பிரித்த ஏழு நாளுக்குள், பெட்டி எண்ணும் புகைப்படமும் சேர்ந்த புகாரை மட்டும் ஏற்போம் என்று ஆர்டர் தாளிலேயே எழுதுங்கள். உடைந்ததைத் திரும்ப வரவழைப்பது வீண் செலவு, மறு இறக்குமதிக் காகிதமே மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குப் பதில் ஒவ்வொரு சரக்கோடும் நூறு செட்டுக்கு ஒரு சிறு பை உதிரிக் கல், பத்து ஜோடி கொக்கி, ஒரு பசைக் குழாய் வைத்து அனுப்பி, அதையும் இன்வாய்ஸில் ஒரு வரியாகக் காட்டுங்கள். கடைக்காரரின் பட்டறைக்காரரே அரை மணியில் சரி செய்துவிடுவார்.